சுவரை நக்கினால் மட்டும்

"சுவத்த நக்குதா?"

ஆட்டுக்குத் தாது உப்பு கேட்டு யார் வந்து நின்றாலும் அண்ணாச்சி முதலில் கேட்பது இதைத்தான். வாங்க என்பது கிடையாது, உட்காருங்க என்பதும் கிடையாது. கோவில்பட்டியில் சந்தைக்குப் போகும் தெரு ஒன்றில் அவர் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். எதிர் வரிசையில் நான் வேலை பார்த்த மெடிக்கல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மினி பஸ் போகிற அகலம்தான். அவர் கடையில் பேசுவது என் கல்லாவரை கேட்கும். எனக்கு வாயும் நீளம், காதும் நீளம். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் பாதி, கேட்க வேண்டாதவள் கேட்டது.

ஒருநாள் விளாத்திகுளம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அந்த மினரல் உப்பு ஒரு பை போடுங்க" என்றார்.

"சுவத்த நக்குதா?"

"இல்ல."

"மண்ணு, துணி, பாலித்தீன் பையி எதையாவது மேயுதா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. பக்கத்துக் கெடையில எல்லாரும் வைக்காக, நாமளும் வைப்பமேன்னு வந்தேன்."

"நல்லா இருக்க ஆட்டுக்கு என்னத்துக்குவே உப்பு? பருத்திக்கொட்டை வேணும்னா சொல்லும். இல்லன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சி, கெளம்பும்."

ஆட்டுக்காரர் கிளம்பிவிட்டார். விற்க வேண்டிய சரக்கை விற்காமல் ஆளை அனுப்பிவைக்கிற கடைக்காரரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் முதலாளி இதைக் கேட்டுவிட்டு, "அவருக்குப் பிள்ளையா குட்டியா, அதான் இப்படி" என்றார். அது உண்மைதான். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. ஆனால் காரணம் அதுவல்ல என்று எனக்குத் தோன்றும். வேண்டாத வாயில் ஒன்றைப் போடுவது அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

சந்தை நாளில் ஆடுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் அவர் கடை முன்னால் ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். அவர் இறங்கி வந்து ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால், "செவப்பா இருக்கு, போங்க" என்பார். வெளிறி இருந்தால் முகம் மாறிவிடும். "இதுக்கு உப்பு வச்சி ஆகப்போறது ஒண்ணுமில்ல. வயித்துல பூச்சி ரத்தத்தக் குடிக்குது. மொதல்ல மாட்டாஸ்பத்திரிக்குப் போயி பூச்சிக்கு மருந்து ஊத்து. ரத்தம் போற வழிய அடைக்காம எத்தன சத்து ஊத்துனாலும் நிக்காது" என்பார். கால்நடைப் படிப்பெல்லாம் படித்தவரில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கடைக்குப் பக்கவாட்டில் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று இருந்தது. சந்தேகமாக இருக்கும் ஆட்டை அவிழ்த்து அந்தச் சுவர் பக்கம் விடச் சொல்வார். அது சுவரை நக்க ஆரம்பித்தால் உள்ளே போய் ஒரு பை எடுத்து வருவார். தவிட்டில் ஒரு பிடி கலந்து வைக்க வேண்டும், அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுப்பார். ஆட்டின் உயரத்துக்கு அந்தச் சுவரில் காரை பெயர்ந்து வழுவழுவென்று கிடந்தது. பொங்கலுக்குக் கடையெல்லாம் வெள்ளையடிப்பார், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார்.

கொரோனா வந்து போன பிறகு எங்கள் கடையில் ஒரே கூட்டம். காய்ச்சல்காரர்களின் கூட்டம் அல்ல. நல்லா இருப்பவர்கள் துத்தநாக மாத்திரையும் வைட்டமின் சியும் பல்விளக்குவது மாதிரி தினம் ஒன்று போட வாங்கிப் போனார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டிலிருந்து டப்பா டப்பாவாகக் கேட்பார்கள். கரிசலில் இந்த வெயிலில் நாள் முழுக்க நின்று மிளகாய் பறிக்கிறவர்கள்கூட வைட்டமின் டி கேட்டார்கள். ஒருநாள் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, இவிய எல்லாரும் சுவத்த நக்குனாகளா?"

"நக்குறதுக்கு முந்தியே வாங்கிட்டுப் போறாக அண்ணாச்சி."

"என் கடைக்கு வாற ஆடு தேவல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் மருந்தாளுநர் படிப்பு படித்தவள். அவர் சொன்னது சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு, சோதித்துப் பார்த்து ரத்தம் குறைவு என்று தெரிந்தவருக்கு, எலும்பு தேய்ந்தவருக்கு டாக்டர் எழுதினால் அது மருந்து. சோறும் பருப்பும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி போடுகிறாள் என்று போடுபவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. இதை நான் கல்லாவில் நின்று யாரிடமும் சொன்னதில்லை. அட்டையை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பேன். அவர் செய்ததைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று ரசிக்க மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது பெண்கள் விடுதியில் தனியாக இருந்தேன். காலையில் டீயும் பன்னும், ராத்திரி ஏதோ ஒன்று. எந்நேரமும் ஒரு அசதி. இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் படியும் ஐஸைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே இருப்பேன். "ஃப்ரிட்ஜ் ஒரு நா ஓட்டையாப் போவும் பாரு" என்று முதலாளி திட்டுவார். கோவில்பட்டி வெயிலுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்பேன். அசதிக்கு நானும் சும்மா இருப்பேனா, கல்லாவிலிருந்தே தினம் ஒரு சத்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

மதினி, அதாவது அண்ணாச்சி வீட்டம்மா, மத்தியானம் தூக்குச்சட்டியில் அவருக்குச் சோறு கொண்டு வருவார். ஒல்லியான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மதினி எங்கள் கடை நிழலில் வந்து நிற்பார். முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும். நாலு நாலாக எடுத்து நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே பேசுவார். எனக்கும் நீட்டுவார்.

"என்ன மதினி, ஊறவைக்கக்கூட நேரமில்லாம அப்படியே திங்கீக?"

"வாய் கேக்குதே, என்ன செய்ய. வீட்டுல அரிசிப்பானை மூடி சத்தம் கேட்டாப் போதும், உங்க அண்ணாச்சி எலி வந்துட்டும்பாக."

பிறகு, "அசதியா வருதும்மா, அந்தச் செவப்பு மாத்திரை ரெண்டு அட்டை குடு. அதப் போட்டா எந்திரிச்சு நடமாட முடியுது" என்பார். அது இரும்புச் சத்து மாத்திரை. கொடுப்பேன். போட்டால் உண்மையிலேயே முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வரும். நிறுத்தினால் மறுபடி வெளுத்துவிடும். மறுபடி வருவார், மறுபடி கொடுப்பேன். இப்படி ஒரு வருஷம் ஓடியது.

ரத்தம் குறைந்தவர்களுக்கு அரிசியும் மண்ணும் தின்னத் தோன்றும் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் கண் முன்னால் ஒருத்தி ஒரு வருஷம் நின்று பச்சரிசி கடித்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. மாத்திரை மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தம் இல்லாதவருக்கு அது வேண்டியதுதான். ஏன் ரத்தம் இல்லை என்று கேட்க மாத்திரைக்கு வாய் கிடையாது. வாய் எனக்கு இருந்தது, அதுவும் நீளமான வாய்.

ஒரு சித்திரை மாதம் மதினி குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டார். திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். இரைப்பையில் கட்டி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இனிச் செய்ய அதிகமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் மஞ்சள் கேப்சூல், பத்து மணிக்கு இரும்பு, மத்தியானம் சாப்பிட்டபின் பெரிய வெள்ளைக் கால்சியம் என்று ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும் என்பதால் நேரத்தைப் பிரித்து நான்தான் கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று மாதமும் அண்ணாச்சி பத்து மணிக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். தீவனம் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆடி முடிவதற்குள் மதினி போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் கடை திறந்த அன்று, பத்து மணிக்குத் தெருவைத் தாண்டி வந்தார். கையில் மூன்று காலி அட்டைகள்.

"இதே மாதிரி குடும்மா."

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுக்கு."

வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மிச்சம் கிடந்ததை இந்தப் பதினாறு நாளும் அவர்தான் போட்டுத் தீர்த்திருக்கிறார் என்று காலி அட்டைகளைப் பார்த்ததும் புரிந்தது. கேட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் கல்லாவுக்கு நேராக, அவர் கடை வாசலில் ஒரு காட்சி தினமும் நடக்கும். பத்து மணிக்கு ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு வருவார். பழைய கவரை எடுத்து, நான் எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்ப்பார். மாத்திரையை வாயில் போட்டுச் செம்பை அண்ணாந்து குடிப்பார். ஒரு சொட்டு மிச்சமில்லை என்று தெரிய செம்பைக் கவிழ்த்து ஒரு உதறு உதறுவார். முன்பு ஆட்டுக்காரர்களோடு ஓயாமல் பேசுபவர் இப்போது கேட்டதை எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் ஒருவர் தாது உப்பு கேட்டார். அவர் எதுவுமே கேட்காமல் ஒரு பையைத் தூக்கி வைத்தார். வாங்க வந்தவர்தான், "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் கேக்கலியே" என்று தயங்கி நின்றார்.

ஒரு மாதம் கழித்துக் கல்லாவில் குனிந்து மெதுவான குரலில், "எம்மா, ஒண்ணுக்கு மஞ்சள் மஞ்சளாப் போவுதே, எதுவும் கோளாறா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அந்த மஞ்சக் கேப்சூல்ல தனக்கு வேண்டாதத ஒடம்பு கீழ அனுப்பிருது."

"கொட்டைய அப்படியே சாணியில போடற மாடு மாதிரியா?"

"அதே மாதிரித்தான்."

"அப்பம் எனக்கு அது வேண்டியதில்ல."

"ஆமா."

"சரி, ஒரு அட்டை குடு" என்றார். கொடுத்தேன். அவருடைய சட்டப்படி நான் அன்றே கொடுத்திருக்கக் கூடாது.

பங்குனி வெயிலில் வினை வந்து நின்றது. முற்பகலில் எதிர்க் கடையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் புண்ணாக்கு மூட்டைகளின் மேல் சுருண்டு கிடக்கிறார். விலாவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன், வேறு யார் இருக்கிறார்கள். ஸ்கேனில் சிறுநீரகத்தில் கல் தெரிந்தது. எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீரில் உப்பு அதிகம், குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். கல்லடைப்பு இங்கே புதிய விஷயம் இல்லை. ஆனால் டாக்டர், "வேற எதுவும் மாத்திரை போடுறாரா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"கால்சியமா? தினமுமா? எலும்புத் தேய்மானம் எதுவும் இருக்கா? யார் எழுதிக் கொடுத்தது?"

கட்டிலில் கிடந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். கல்லுக்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் வேண்டாததைப் போட்டு வளர்ப்பானேன் என்றார் டாக்டர். மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி, தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து அவர் கடை திறந்தார். பத்து மணி ஆனது. தெருவைத் தாண்டி வந்தார்.

"கால்சியம் வேண்டாம். மத்த ரெண்டையும் குடு."

"டாக்டர் வேண்டாம்னாரே அண்ணாச்சி."

"கல்லுக்குத்தான அதச் சொன்னாரு. இதக் குடு."

"எதுவும் தர மாட்டேன்."

"கடை வச்சிருக்கது விக்கத்தானம்மா."

"நீங்க வித்தீகளா?"

இவரிடமும் கேட்காமல் விட்டால் நான் இந்தக் கல்லாவில் நிற்கவே லாயக்கில்லை என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"சுவத்த நக்குதா அண்ணாச்சி?"

அவர் கல்லாக் கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். ஒரு அம்மாள் இருமல் மருந்துக்கு வந்து நின்று, ஏதோ விபரீதம் என்று பின்னால் நகர்ந்தாள்.

"நக்குனாளே ஒருத்தி" என்றார். "அஞ்சு வருசம் பச்சரிசி தின்னா. எலி வந்துட்டுன்னு நான் சிரிச்சேன். அவளும் சேந்து சிரிச்சா. ஊர் ஆட்டுக் கண்ணையெல்லாம் இழுத்துப் பாத்தேன். அவ கண்ண ஒரு நா இழுத்துப் பாக்கலியே தாயி."

"நானும் பாக்கல அண்ணாச்சி. இந்த நிழல்ல நின்னுதான் தின்னாக. நான் அட்டைய வெட்டிக் குடுத்தேன்."

இதை நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மாத்திரைய வாயில போடறப்ப, அவளுக்கு நேரம் தப்பாமக் குடுத்த மாதிரி இருக்கு" என்றார். "பத்து மணிக்கு ஒரு வேலை இருக்குல்லா. அது இல்லன்னா அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

அதற்கு மருந்து எந்த அலமாரியிலும் இல்லை. அவர் கல்லாவின் மேல் சாய்ந்து, தன் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார்.

"பாரு. வெளிறி இருந்தாக் குடு."

பார்த்தேன். நல்ல சிவப்பு. தண்ணீர் நிறைந்து நின்றது.

"செவப்பா இருக்கு அண்ணாச்சி" என்றேன். "போங்க."

போய்விட்டார். நான் இருமல் மருந்துக்காரிக்குக் காய்ச்சல் மருந்தை எடுத்துக் கொடுக்க, அவள் திருப்பிக் கொண்டுவந்து திட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. அவர் வாசலில் செம்போடு நின்றார். கவர் இல்லை, மாத்திரை இல்லை. என் பக்கம் பார்த்தார். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார். கவிழ்த்து உதறிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு நான் அங்கே வேலை பார்த்த ஒன்றரை வருஷமும் அது நடந்தது. நான் விடுமுறை எடுத்த நாட்களில் என்ன செய்தார் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. மற்றபடி எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. ஒருவர் தப்பு இன்னொருவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு பழைய கேலியெல்லாம் வரமாட்டேன் என்றது. ஆட்டுக்காரர்களிடம் மட்டும் மறுபடியும் கேட்க ஆரம்பித்தார். முன்னைவிட அழுத்திக் கேட்டார்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஐப்பசி கடைசியில் கிளம்பினேன். கடைசி நாள் நல்ல மழை. தெருவில் கரிசல் சேறு செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் என் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸைச் சுரண்டி வாயில் போட்டேன். அப்போது அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். கடம்பூர் போளி ஒரு பொட்டலம் கொடுத்தார். நல்லா இரு என்றார். போகவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்த ஐஸக் கடிக்கியே. ரொம்ப நாளாப் பாக்கேன்."

"வெயிலுக்குத்தான் அண்ணாச்சி."

"வெளிய மழை ஊத்துது."

ஐஸ் பல்லுக்கு நடுவில் அப்படியே இருந்தது. என் பாடப் புத்தகத்தில் அரிசி, மண் என்ற வரிசையில் மூன்றாவதாக இருந்தது ஐஸ்.

"கண்ணக் காட்டு" என்றார்.

குனிந்தேன். அந்தக் கட்டைவிரலில் புண்ணாக்கு வாசம் அடித்தது. என் கீழ் இமையை இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஆட்டுக்குப் பார்ப்பதைவிட நெடுநேரம் பார்த்தார்.

"வெளிறிக் கெடக்கு. ரத்தம் எங்கயோ போவுது, இல்லன்னா வயித்துக்கு ஒழுங்காச் சோறு போவல. எதுன்னு எனக்குத் தெரியாது. போன ஒடன பரிசோதனை பண்ணிப் பாரு. என்னன்னு தெரிஞ்ச பொறவு மாத்திரையத் தொடு. சும்மா போட்டு மூடி வைக்காத."

"சரி அண்ணாச்சி."

"இந்தத் தடவ கேட்டுட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

கோயம்புத்தூர் போன வாரமே ரத்தம் சோதித்தேன். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மாதாமாதம் எனக்குப் போவது எல்லோருக்கும் போகிற அளவுதான் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது இல்லை என்று டாக்டர் சொன்னார். அதற்கு வைத்தியம் செய்தார். கூடவே ஆறு மாதம் இரும்பு மாத்திரை எழுதினார். கல்லாவிலிருந்து நானாக எடுத்துப் போட்ட சத்து மாத்திரையால் ஒரு புண்ணியமும் இருந்திருக்கவில்லை. இது சோதித்து எழுதியது. ஒரு நாள்கூட விடாமல், காலை பத்து மணிக்குப் போட்டேன்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள், ஐஸ் கடித்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் கைபேசி வைத்துக்கொண்டவர் இல்லை. பழைய முதலாளிக்குப் போன் செய்து, எதிர்க் கடை அண்ணாச்சியிடம் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். "அவரு கடையக் காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு மாசமாச்சேம்மா. ஓட்டப்பிடாரம் பக்கம் தங்கச்சி ஊருன்னாக. எந்த ஊருன்னு ஒருத்தருக்கும் தெரியல. இப்பம் அங்கன செல்போன் கடை. சுவத்தையெல்லாம் பூசி டைல்ஸ் ஒட்டிட்டான்" என்றார்.

ஆறு மாதம் முடிந்த அன்று, அறையில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது.

"செவப்பா இருக்கு, அண்ணாச்சி" என்றேன், கண்ணாடியைப் பார்த்து. போங்க என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, கவிழ்த்து உதறி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.